கொதிகலனுக்குக் கணக்குச் சொன்ன பண்ணையாள் மகன்



செம்பனை ஆலை உள்ள தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு நாம் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவானாலும் பகலானாலும் ஆலையில் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் நீராவிதான் பழக்குலையை வேக வைக்கிறது, மின்சாரமும் தருகிறது. பாய்லர்மேன் வேலை பார்ப்பவர் நம்மில் ஒருவராக இருப்பார். அல்லது நம் அண்ணனாக, மாமனாக இருப்பார். அவர் அடிக்கடி ஒரு கடிகாரம் போன்ற கருவியை அண்ணாந்து பார்ப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சிவப்புக் கோட்டை அந்த இடத்தில் போட்டது யார்? இரும்புத் தகடு இத்தனை கனம் இருந்தால் இத்தனை அழுத்தம் தாங்கும் என்று எப்படிக் கண்டார்கள்? இது ஒரே ஆள் செய்த வேலை அல்ல. ஆனாலும் இந்தக் கணக்கில் பெரும் பங்கு ஒருவருக்கு உண்டு. அவரும் நம்மைப் போல் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர்தான். சர் வில்லியம் பேர்பேர்ன் என்பது அவர் பெயர். இந்த வாரம் அவருடைய கதையைச் சொல்லப் போகிறோம்.

தம்பியைச் சுமந்த அண்ணன்

ஸ்காட்லாந்தில் கெல்சோ என்ற சிற்றூரில் 1789-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் வில்லியம் பிறந்தான். அப்பா ஆண்ட்ரூ பண்ணையில் கூலிக்கு உழைத்தவர். அம்மா வீட்டிலேயே கம்பளி நூல் நூற்றுப் பிள்ளைகளுக்கு உடுப்புச் செய்து கொடுப்பார். பெரிய படிப்பு ஒன்றும் வாய்க்கவில்லை. எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட, அவ்வளவுதான்.

வில்லியத்துக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் வடக்கே வேறு ஒரு பண்ணைக்குப் போயிற்று. அங்கே அப்பாவும் அம்மாவும் காடு மேடு என்று உழைக்க, கைக்குழந்தையான தம்பி பீட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வில்லியத்தின் தலையில் விழுந்தது. பிள்ளையோ நோஞ்சான். எந்நேரமும் முதுகில் சுமக்க வேண்டும். நம் வீட்டு மூத்த பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். விளையாடப் போகவும் முடியாது, இறக்கிவிடவும் முடியாது.

பையன் ஒரு யோசனை செய்தான். ஒரு கத்தி, துளை போடும் சிறு கருவி, ஒரு பழைய ரம்பம், இவ்வளவுதான் கையில் இருந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு சக்கரம் வெட்டி, அச்சு கோத்து, தம்பியை உட்கார வைத்து இழுக்க ஒரு சின்ன வண்டி செய்துவிட்டான். அன்று தொடங்கிய கைவேலை 85 வயது வரை ஓயவில்லை. வண்டியில் உட்கார்ந்து ஊர் சுற்றிய அந்தத் தம்பி பீட்டரும் பிற்காலத்தில் லீட்ஸ் நகரில் பெரிய இயந்திரத் தொழிலதிபராகி, அந்நகரின் மேயராகவும் இருந்தார்.

கல் விழுந்த கால்

புதுப் பண்ணை கைகொடுக்கவில்லை. குடும்பம் திரும்பிக் கெல்சோவுக்கே வந்தது. 1803-இல் அந்த ஊர் ஆற்றுக்குக் குறுக்கே கல்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வயது வில்லியம் அங்கே கல் தூக்கும் வேலைக்குப் போனான். வாரத்துக்கு 3 ஷில்லிங் கூலி. போன சில நாளிலேயே ஒரு பெரிய கல் சரிந்து காலில் விழுந்தது. நடக்க முடியாமல் பல வாரம் படுத்துக் கிடந்தான். வேலையும் போயிற்று. அந்நாளில் ஈட்டுத்தொகை என்ன, சொக்சோ என்ன! அடிபட்டவன் பாடு, அவன் வீட்டார் பாடு.

பிறகு அப்பாவுக்கு இங்கிலாந்தின் வட பகுதியில், பெர்சி மெயின் என்ற நிலக்கரிச் சுரங்கத்தைச் சேர்ந்த பண்ணையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டியது. வில்லியம் முதலில் நிலக்கரி வண்டி ஓட்டினான். சுரங்கத்துப் பையன்கள் அவனுடைய ஸ்காட்லாந்துப் பேச்சைக் கேலி பண்ணுவார்கள்; பல தடவை கைகலப்பும் நடந்திருக்கிறது. 1804-இல் அதே சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் ஏழு வருட ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். தொடக்கச் சம்பளம் வாரம் 5 ஷில்லிங்.

வாரத்துக்கு ஒரு கால அட்டவணை

வேலை முடிந்தால் மற்றவர்கள் மதுக்கடைக்குப் போவார்கள். வில்லியத்தின் வழி வேறு. ஒரு தாளை எடுத்து அட்டவணை எழுதினான். திங்கள் இரவு கணக்கு, செவ்வாய் வரலாறும் கவிதையும், புதன் ஓய்வு, கதைப் புத்தகம், வியாழன் உயர் கணக்கு, வெள்ளி வடிவக் கணிதம், சனிக்கிழமை ஓய்வு, ஞாயிறு தேவாலயம். புத்தகம் வாங்கக் காசு இல்லை. பக்கத்து ஊர் நூலகத்தில் சந்தா கட்டிப் படித்தான். மூன்று வருடம் இந்த ஒழுங்கை விடாமல் கடைப்பிடித்தான்.

இதை நாம் சும்மா சொல்லவில்லை. பின்னாளில் பெரும் படிப்பாளிகள் அவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினார்களே, அதற்கு அஸ்திவாரம் பெர்சி மெயின் சுரங்கத்து விளக்கு வெளிச்சத்தில் போடப்பட்டது.

அங்கே அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவரும் இயந்திரத்தைக் காவல் காக்கும் கூலிக்காரர்தான். சம்பளம் போதாததால் கப்பலிலிருந்து மண் அள்ளிக் கொட்டும் வேலைக்கும் போவார். அவர் மண் அள்ளப் போகும் நேரத்தில் அவருடைய இயந்திரத்தை வில்லியம் பார்த்துக்கொள்வார். அந்த நண்பர் யார் தெரியுமா? பிற்காலத்தில் ரயில் வண்டியின் தந்தை என்று உலகம் போற்றிய ஜார்ஜ் ஸ்டீவன்சன்தான்! இரண்டு ஏழைகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்த சிநேகம் இது.

லண்டனில் பட்ட பாடு

தொழில் பழகி முடித்தபின் 1811-இல் பேர்பேர்ன் ஒரு கூட்டாளியோடு நிலக்கரிக் கப்பல் ஏறி லண்டனுக்குப் போனார். அங்கே ரென்னி என்ற பெரிய பொறியாளர் இருவருக்கும் வேலை தர ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தொழிலாளர் சங்கத்தின் சட்டம் குறுக்கே நின்றது. சங்கத்தில் சேராதவர் லண்டனில் அந்த வேலை செய்யக் கூடாது. சேரப் போனால், சேர்க்கவும் மறுத்துவிட்டார்கள்.

கையில் காசு தீர்ந்தது. கொட்டுகிற மழையில் வேலை தேடி ஹார்ட்ஃபோர்ட் ஊருக்கு நடந்தார்கள். அங்கே ஒரு பட்டறைக்காரர் வேலை இல்லை என்று கூறி, பரிதாபப்பட்டுச் சில்லறை நீட்டினார். பேர்பேர்ன் வாங்க மறுத்தார். உழைக்க வந்தவர் பிச்சை வாங்குவாரா? கூட வந்தவருக்கோ பசியும் கோபமும். காசை விட்டுவிட்டாயே என்று கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கடைசியில் அடுத்த ஊரில் ஒரு காற்றாலையைப் பழுது பார்க்கும் வேலை கிடைத்து, வயிறு நனைந்தது.

அதன்பின் பல ஊர் சுற்றினார். நிலம் தோண்டும் இயந்திரம் செய்யப் போய்ப் பணம் இழந்தார். இறைச்சி வெட்டும் இயந்திரம் ஒன்று செய்து 33 பவுன் சம்பாதித்தார். 1813-இல் மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். பஞ்சாலைகள் புற்றீசல் போல் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. 1816-இல் திருமணம். 1817-இல் ஜேம்ஸ் லில்லி என்ற நண்பரைக் கூட்டுச் சேர்த்துச் சொந்தத் தொழில் தொடங்கினார். வாரம் 12 ஷில்லிங் வாடகைக்கு ஓட்டைக் கொட்டகை ஒன்று. தாங்களே கடைசல் இயந்திரம் ஒன்று செய்தார்கள். அதைச் சுழற்ற நீராவி கிடையாது. கட்டுமஸ்தான அயர்லாந்துக்காரர் ஒருவரைக் கூலிக்கு வைத்துக் கையால் சுற்ற வைத்தார்கள்!

இப்படித் தொடங்கிய பட்டறைக்கு முரே சகோதரர்களின் பஞ்சாலை வேலை கிடைத்தது. விடியுமுன் எழுந்து இரவு வரை உழைத்துச் சொன்ன நாளில் முடித்தார்கள். அதன்பின் ஆலை மேல் ஆலையாக அழைப்பு வந்தது. தண்ணீர்ச் சக்கரம், ஆலை இயந்திரம், இரும்புக் கப்பல், நீராவிக் கொதிகலன் என்று பேர்பேர்னின் தொழில் விரிந்தது.

வெடித்த கொதிகலன்கள்

இனிமேல்தான் நம் கதையின் முக்கியமான கட்டம்.

அந்நாளில் இங்கிலாந்தில் ஆலைக்கு ஆலை கொதிகலன் இருந்தது. அடிக்கடி வெடித்தது. கொதிகலன் வெடித்தால் கட்டடம் தரைமட்டம். பக்கத்தில் நூல் நூற்கும் பெண்கள், குழந்தைத் தொழிலாளிகள், தீ போடும் ஆள், எல்லோரும் சுடுநீராவியிலும் இடிபாட்டிலும் மாண்டார்கள். விசாரணை நடக்கும். பெரும்பாலும் எதிர்பாராத விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். சிலர், உள்ளே ஏதோ மர்மமான வாயு உண்டாகி வெடிக்கிறது என்றார்கள். இன்னும் சிலர் மின்சாரம் என்றார்கள். செத்த பாய்லர்மேன் மீதே பழியைப் போட்டவர்களும் உண்டு. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்?

பல விசாரணைகளுக்குப் பேர்பேர்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். உடைந்த தகடுகளைப் பொறுக்கி எடுத்து அளந்து பார்ப்பார். மர்மமும் இல்லை, மாயமும் இல்லை, தகடு தாங்கக்கூடியதைவிட அழுத்தம் அதிகம், அதனால் வெடித்தது என்பது அவருடைய முடிவு. தாங்கும் அளவு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். கணக்குப் போட முடிந்தால் உயிரைக் காப்பாற்ற முடியும்.

கணக்கு இதுதான்

பயப்பட வேண்டாம். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

6 அங்குல அகலமுள்ள ஒரு குழாய். உள்ளே ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 100 ராத்தல் அழுத்தம். குழாயில் ஒரு அங்குல நீளத்தை மட்டும் வளையல் மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வளையலை இரண்டு பாதியாகப் பிளக்கப் பார்க்கும் விசை எவ்வளவு? அழுத்தத்தை அகலத்தால் பெருக்கினால் வரும்: 600 ராத்தல். அதைத் தாங்குவது யார்? வளையலின் இரண்டு பக்கச் சுவர்கள். ஆளுக்குப் பாதி, 300 ராத்தல். சுவர் கால் அங்குல கனம் என்றால், அந்த இரும்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 1,200 ராத்தல் இழுவிசை விழுகிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். அகலம் இரண்டு மடங்கானால் சுவர்க் கனமும் இரண்டு மடங்காக வேண்டும். அதே அழுத்தம்தானே என்று சின்னக் குழாய்க்குப் போட்ட தகட்டைப் பெரிய குழாய்க்குப் போட்டால் ஆபத்து. இன்னொன்று: நீளவாக்கில் பிளக்கும் விசை, குறுக்கே துண்டிக்கும் விசையைப்போல் இரு மடங்கு. ஆகவேதான் அழுத்தம் தாங்காத குழாய் பெரும்பாலும் நீளவாக்கில் கிழிகிறது.

இந்த அடிப்படைக் கணக்கைப் பேர்பேர்ன் கண்டுபிடிக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் மரியோட் தண்ணீர்க் குழாய்களைச் சோதித்தபோதே இது தெரியவந்தது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கொதிகலன் ஒரே தகட்டில் வார்த்ததா என்ன? பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளை போட்டு, ரிவெட்டு ஆணி அடித்துச் சேர்த்தது. துளை போட்ட இடத்தில் இரும்பே இல்லையே! அந்த மூட்டு எவ்வளவு தாங்கும்?

பேர்பேர்ன் 1838-இல் தகடுகளை மூட்டு மூட்டாகச் செய்து, இழுத்து இழுத்து அறுத்துப் பார்த்தார். முழுத் தகட்டின் பலம் 100 என்றால், இரண்டு வரிசை ஆணி அடித்த மூட்டின் பலம் 70. ஒரே வரிசை ஆணி என்றால் 56. அதாவது ஒற்றை வரிசை மூட்டில் பலம் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது! அதுவரை பலர் தகட்டின் பலத்தையே கொதிகலனின் பலம் என்று நினைத்திருந்தார்கள்.

இப்போது பெரிய கணக்கு. 7 அடி அகலக் கொதிகலன். அதாவது 84 அங்குலம். அழுத்தம் 60 ராத்தல். தகடு அரை அங்குலம். 84-ஐ 60-ஆல் பெருக்கினால் 5,040. ஒரு பக்கத்துக்கு 2,520. அரை அங்குலத் தகட்டில் அது சதுர அங்குலத்துக்கு 5,040 ராத்தலாகிறது. அந்நாள் இரும்புத் தகடு சுமார் 50,000 ராத்தலில் அறும். ஒற்றை வரிசை மூட்டுக்கு 28,000. இரட்டை வரிசைக்கு 35,000. பாதுகாப்புக்காக அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வரிசைக்கு எல்லை சுமார் 4,670. நம் 5,040 அதைத் தாண்டிவிட்டது, ஆகாது! இரட்டை வரிசைக்கு எல்லை சுமார் 5,830. ஆகும். பார்த்தீர்களா, ஒரு வரிசை ஆணிதான் வித்தியாசம்.

துருவையும் மறந்துவிடக் கூடாது. அதே கொதிகலனில் பல வருடத்துத் துரு அரித்து, அரை அங்குலத் தகடு முக்கால் பங்காகத் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். இழுவிசை 6,720 ஆகிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். கருவியில் முள் பழைய இடத்திலேயே நிற்கும். ஆனால் எல்லை எப்போதோ தாண்டியாயிற்று. ஆகவேதான் தகட்டை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். புதுக் குழாய் செய்யும்போதும், கணக்கில் வரும் கனத்தோடு துருவுக்கென்று கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்கள்.

மூங்கில் சொன்ன பாடம்

கொதிகலனுக்குள் இன்னொரு குழாய் உண்டு. நெருப்பு எரியும் குழாய். 1844-இல் பேர்பேர்னும் ஹெதரிங்டன் என்பவரும் சேர்ந்து, இப்படி இரண்டு நெருப்புக் குழாய் வைத்த கொதிகலனுக்குக் காப்புரிமை பெற்றார்கள். லங்காஷயர் கொதிகலன் என்று உலகம் முழுதும் பரவிய வகை இது. இரண்டு அடுப்பிலும் மாற்றி மாற்றிக் கரி போட்டால் புகை குறையும்.

ஆனால் இந்த உள் குழாய்க்கு அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. சுற்றிலும் தண்ணீரும் நீராவியும் நெருக்குகின்றன. குழாய் வெடிக்காது, நசுங்கும். பிள்ளைகள் பப்பாளி இலைத் தண்டை வாயில் வைத்து ஊதினால் ஒன்றும் ஆகாது. ஒரு முனையை அடைத்துக்கொண்டு பலமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதைப் போல.

உள் குழாய் எவ்வளவு நீளமானாலும் ஒரே பலம்தான் என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். பேர்பேர்னுக்குச் சந்தேகம். கனமான வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று செய்து, அதற்குள் 4 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை அகலமுள்ள மெல்லிய தகட்டுக் குழாய்களை வைத்து, வெளியே தண்ணீர் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் எப்போது நசுங்குகிறது என்று குறித்துக்கொண்டார். 1858-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் முடிவு வெளியாயிற்று.

நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் அழுத்தம் பாதி ஆகிவிடுகிறது! அகலம் கூடினாலும் அப்படியே. தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் தாங்கும் பலம் நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது. அவருடைய சூத்திரப்படி நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 அடி நீளம், 3 அடி அகலம், முக்கால் அரைக்கால் என்று பார்க்காமல் சரியாகச் சொன்னால் எட்டில் மூன்று அங்குலத் தகடு: இப்படிப்பட்ட நெருப்புக் குழாய் சுமார் 87 ராத்தலில் நசுங்கிவிடும். நாம் மேலே சொன்ன 7 அடிக் கொதிகலனின் வெளிச்சுவரோ, இரட்டை ஆணி வரிசையோடு, 416 ராத்தல் வரை கிழியாது. வெளிச்சுவரைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எமன் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

பரிகாரம் என்ன? அதையும் அவரே சொன்னார். நெருப்புக் குழாயைச் சுற்றி, இடையிடையே கனமான இரும்பு வளையம் போடு என்றார். 30 அடிக் குழாய்க்குப் பத்தடிக்கு ஒரு வளையம் போட்டால், அது மூன்று குட்டைக் குழாயாக நடந்துகொள்ளும்; 87 என்பது 261 ஆகிவிடும். செலவு சொற்பம், பலம் மூன்று மடங்கு. நம் காட்டு மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், சுவர் மெல்லியது, ஆனாலும் இடையிடையே கணு இருப்பதால் எளிதில் நசுங்குவதில்லை. இயற்கை போட்ட வளையம் அது.

பின் வந்தவர்கள் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். மிக நீளமான குழாயில் ஓர் எல்லைக்கு மேல் நீளம் கூடினாலும் பலம் குறைவதில்லை என்று கண்டார்கள். 1877-இல் சாம்சன் ஃபாக்ஸ் என்பவர் நெளி நெளியான நெருப்புக் குழாய் செய்தார். ஆனால் நீளத்தைக் கவனி என்று முதலில் மணியடித்தவர் பேர்பேர்ன்தான்.

ஆய்வாளர் வரும் வழக்கம்

கணக்கு ஏட்டில் இருந்தால் போதுமா? ஆலைக்குப் போய்ப் பார்ப்பது யார்? 1854-இல் மான்செஸ்டரில் கொதிகலன் வெடிப்பைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்நின்றவர்களில் பேர்பேர்ன் முக்கியமானவர். உறுப்பினரான ஆலைகளுக்குச் சங்கத்தின் ஆய்வாளர் போவார். தகட்டைத் தட்டிப் பார்ப்பார். பாதுகாப்பு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அதிக நீராவிக்காக யாராவது அதன்மேல் பாரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று சோதிப்பார். அமெரிக்காவில் 1866-இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் இதே யோசனையில் ஒரு நிறுவனம் தோன்றியது. இங்கிலாந்தில் வெடிப்புகளை விசாரிக்க 1882-இல் தனிச் சட்டமே வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இன்று நம் ஆலைக்கு அதிகாரி வந்து பாய்லரை நிறுத்தச் சொல்லி உள்ளே புகுந்து பார்க்கிறாரே, அந்த வழக்கத்துக்கு மூத்த அண்ணன் மான்செஸ்டர் சங்கம்.

மறைக்காமல் ஒன்று

நாம் தொழிலாளர் பக்கத்தில் எழுதுகிறோம். ஆகவே ஒன்றை மறைக்கக் கூடாது. பேர்பேர்ன் முதலாளியான பின், 1837 வாக்கில் அவருடைய கொதிகலன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் என்ன செய்தார்? இறங்கிப் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக, ரிவெட்டு ஆணி அடிக்கும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். கையால் பலர் அடித்த வேலையை அது சில ஆட்களைக் கொண்டு வேகமாக முடித்தது. மூட்டும் இறுக்கமாக அமைந்தது என்பது உண்மை. பலருடைய கைவேலை போயிற்று என்பதும் உண்மை. இளவயதில் லண்டன் சங்கம் கதவடைத்த கசப்பு அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. கதவைத் திறந்து வைக்கும் சங்கமே தொழிலாளிக்குப் பலம் என்பதை இதில் நாமும் கற்றுக்கொள்ளலாம்.

நஷ்டமும் அவரைச் சும்மா விடவில்லை. 1835-இல் லண்டன் மில்வாலில் இரும்புக் கப்பல் கட்டும் துறை தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட கப்பல் கட்டியும் பெரும் பணம் இழந்து, அதை விற்றார். ஆனால் அங்கேதான் இன்னொரு சாதனை. பழைய நண்பர் ஸ்டீவன்சனின் மகன் ராபர்ட், வேல்ஸ் கடற்கரையில் ரயில் போகும் குழாய்ப் பாலம் கட்ட விரும்பினார். 1845 முதல் பேர்பேர்னும் ஹாட்ஜ்கின்சன் என்ற கணித அறிஞரும் மாதிரிகள் செய்து உடைத்துப் பார்த்து வடிவம் சொன்னார்கள். மெல்லிய தகடு அறுவதற்கு முன்னே மடங்கிச் சுருங்கிவிடுகிறது என்பது அங்கேதான் நன்றாகத் தெரிந்தது. கான்வி பாலம் 1848-இலும், பிரிட்டானியா பாலம் 1850-இலும் திறந்தன. பிரிட்டானியா 1970-இல் தீயில் கெட்டு மாற்றிக் கட்டப்பட்டது. கான்வி இன்றும் ரயிலைச் சுமக்கிறது.

மாலை வேளை

1850-இல் ராயல் சங்க உறுப்பினர். 1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவர். அதே ஆண்டு வந்த சர் பட்டத்தை வேண்டாம் என்றார். 1869-இல் மறுபடியும் வந்த பட்டத்தை ஏற்றார். 1874 ஆகஸ்டு 18-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் காலமானார். மான்செஸ்டரை அடுத்த பிரஸ்ட்விச்சில் அடக்கம் செய்தார்கள். அந்நகர மண்டபத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அன்பர்களே, கணக்குப் பாடம் என்றாலே முகத்தைச் சுளிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எதற்கு இந்தப் பெருக்கல் என்று கேட்டால், 60-ஐ 84-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். அந்த 5,040-ஐ ஒருவரும் போட்டுப் பார்க்காததால் எத்தனையோ தாய்மார் தாலி இழந்தார்கள் என்று சொல்லுங்கள்.

ஆலையில் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பாய்லரிலோ நீராவிக் குழாயிலோ ஈரக் கசிவு, துருத் தடிப்பு, மூட்டில் வெடிப்புக் கண்டால், நமக்கேன் வம்பு என்று போகாதீர்கள். மேலாளரிடம் சொல்லுங்கள், சொன்ன நாளைக் குறித்து வையுங்கள், கேட்காவிட்டால் சங்கத்திடம் சொல்லுங்கள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நிற்கிறதே என்று யாராவது சமாதானம் சொன்னால், தகட்டை அளந்து எத்தனை நாளாயிற்று என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்தில் நிற்பது உங்கள் உடம்பு.